குன்றியின் இரு சங்கிலிகள்: மன்னார்க் கரை விதைநஞ்சுகளில் வெல்லப் பிணைப்பின் பங்கு

1. கேள்வி

வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து வெயில் ஏறத் தொடங்கிய பின்னர்தான் மன்னார்க் கரையின் பற்றைகளில் குன்றிக் கொடி கண்ணில் படும். பச்சையாக நிற்கும்வரை அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. நெற்று காய்ந்து, முறுக்கி வெடித்தபின் உள்ளிருக்கும் நாலைந்து விதைகள் செக்கச்செவேலென்று வெளியே தெரியும். அவரைக் குடும்பத்தின் பல கொடிகள் விதையை நிலத்தில் உதறிவிடும். குன்றி விதையோ வெடித்த நெற்றின் விளிம்பிலேயே நெடுநாள் ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் கருமை படர்ந்திருப்பது அப்படி ஒட்டியிருந்த தழும்பைச் சுற்றித்தான். மேனியின் செம்மைக்கும் மூக்கின் கருமைக்கும் உள்ள முரணை வள்ளுவர் கூடாவொழுக்க அதிகாரத்தில் பொய்த்துறவிக்கு உவமையாக்கினார். விதைக்குள் இருக்கும் நஞ்சு அந்தக் குறளுக்குத் தேவைப்படவில்லை.

அந்த நஞ்சு அப்ரின் என்னும் புரதம். வீட்டுக் கோடியிலும் குளக்கட்டு ஓரத்திலும் தானாக முளைக்கும் ஆமணக்கின் விதையில் அதன் உடன்பிறப்பான ரிசின் இருக்கிறது. இரண்டும் லெக்டின் என்ற புரத வகுப்பைச் சேர்ந்தவை. குறிப்பிட்ட வெல்லங்களைத் தேடிப் பற்றிக்கொள்பவை. வெல்லம் என்று இங்கே சொல்வது தேநீரில் கலக்கும் சீனியை மட்டுமல்ல. குளுக்கோஸ், கலக்டோஸ், மனோஸ் முதலிய முழு வகுப்பையும். நம் உடலின் ஒவ்வொரு கலத்தின் வெளிப்பரப்பிலும் இத்தகைய வெல்லங்கள் கிளைவிட்ட சங்கிலிகளாக நீட்டிக்கொண்டு நிற்கின்றன. லெக்டின் பற்றுவது அவற்றைத்தான்.

இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி ஒன்றே: நஞ்சான லெக்டின்களில் வெல்லத்தைப் பற்றும் செயலே நஞ்சா, அல்லது நஞ்சு வேறெங்கோ இருந்து, பற்றுதல் அதற்கு வாசல் மட்டும் திறந்துவிடுகிறதா? விடை பாடநூல்களில் உண்டு. ஆனால் அந்த விடையின் எல்லை எது, எந்தச் சான்று அதை இறுக்குகிறது, எது தளர்த்துகிறது என்பது பொதுவாசகருக்குச் சொல்லப்படுவதில்லை. இதனால் ஒரு பக்கம் லெக்டின் என்றாலே நஞ்சு என்ற பேச்சும், மறுபக்கம் பாலில் அவித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் உலவுகின்றன.

2. முதல் விளக்கமும் அதன் பிழையும்

1888இல், இன்று எஸ்தோனியாவின் தார்த்து எனப்படும் அன்றைய டோர்பாட் பல்கலைக்கழகத்தில், ஹெர்மன் ஸ்டில்மார்க் ஆமணக்கு விதையின் நஞ்சைப் பிரித்து ரிசின் என்று பெயரிட்டார். அதன் சாறு குருதியின் செங்குழியங்களைத் திரளவைப்பதை அவர் கண்டார். ஒருங்கொட்டல் என்று நாம் இன்று சொல்லும் நிகழ்ச்சி அது. அதே ஆய்வுகூடத்தில் ஹெலின் குன்றி விதையிலும் இதேபோன்ற பொருளைக் கண்டார். குருதி திரள்கிறது, விலங்கு சாகிறது. ஆகவே குருதி திரள்வதால்தான் சாகிறது என்பது அன்று இயல்பாக எழுந்த முடிவு. சோதனைக் குழாயில் கண்முன்னே நடப்பதை யார்தான் நம்பாமல் இருப்பார்?

1891இல் போல் ஏர்லிஹ் இந்த இரண்டு நஞ்சுகளையும் வேறொரு கேள்விக்குப் பயன்படுத்தினார். எலிகளுக்கு இவற்றை மிகச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டிக் கொடுத்தபோது, அவை பின்னர் பெரிய அளவையும் தாங்கின. ரிசினுக்குப் பழகிய எலி அப்ரினுக்கு வீழ்ந்தது. அப்ரினுக்குப் பழகியது ரிசினுக்கு வீழ்ந்தது. பிறபொருளெதிரிகள் ஆளறிந்து செயற்படுபவை என்ற நோயெதிர்ப்பியலின் அடிப்படைக் கருத்துக்கு இந்த இரு விதைகளும் அத்திவாரமிட்டன. ஆனால் நஞ்சு எப்படிக் கொல்கிறது என்ற கேள்வி அப்படியே கிடந்தது.

பற்றப்படும் பொருள் வெல்லம்தான் என்று காட்ட மேலும் 45 ஆண்டுகள் சென்றன. அமெரிக்காவின் ஜேம்ஸ் சம்னர் 1919இல் வாளவரையின் உறவான ஒரு கனவாலியா விதையிலிருந்து கொன்கனவாலின் என்ற புரதத்தைப் பளிங்காக்கியிருந்தார். 1936இல் சம்னரும் ஹவலும் அதுவே செங்குழியங்களைத் திரட்டுகிறது என்று நிறுவியதோடு, கரும்புச் சீனியைக் கரைத்து விட்டால் திரட்சி நின்றுவிடுவதையும் காட்டினார்கள். புரதத்தின் பிடி சீனியால் நிரம்பிவிட்டால் கலத்தைப் பற்ற இடமில்லை. எளிய சோதனைதான், இந்தத் துறை முழுவதும் அதன் மேல்தான் எழுந்தது. இதே விதையிலிருந்து யூரியேஸ் நொதியத்தைப் பளிங்காக்கியதற்காகச் சம்னருக்கு 1946இல் நோபல் பரிசு கிடைத்தது. லெக்டின் என்ற பெயரை வில்லியம் பொய்ட் 1954இல்தான் சூட்டினார்.

ஸ்டில்மார்க்கின் விளக்கம் உடைந்தது 1960களிலும் 70களிலும். ஆமணக்கு விதையில் ஒன்றல்ல, இரண்டு லெக்டின்கள் இருப்பது தெரியவந்தது. ஒன்று கொல்லும், ஆனால் செங்குழியங்களைத் திரட்டுவதில் பலவீனமானது. மற்றது நன்றாகத் திரட்டும், நச்சுத்தன்மை குறைந்தது. குன்றியிலும் இதே இரட்டை உண்டு. ஸ்டில்மார்க்கின் குழாயில் இரண்டும் கலந்திருந்தன. ஒன்று செய்த வேலையை மற்றதன் கணக்கில் அவர் எழுதிவிட்டார். இந்தப் பிழையை இங்கே விரித்துச் சொல்வதற்குக் காரணம், அது வேறு உடையில் இன்றும் நடமாடுவதுதான்.

3. பிடி

ஒஸ்லோவில் ஷுர் ஒல்ஸ்னஸ், அலெக்சாண்டர் பீல் ஆகியோர் 1970களின் தொடக்கத்தில் அப்ரினும் ரிசினும் இரண்டிரண்டு சங்கிலிகளால் ஆனவை என்று காட்டினர். ஏ சங்கிலியும் பி சங்கிலியும் ஒரேயொரு இருசல்பைட்டுப் பிணைப்பால் கட்டப்பட்டிருக்கின்றன. ரிசினில் முதலாவது 267 அமினோ அமிலங்கள் நீளம், இரண்டாவது 262. வெல்லத்தைப் பற்றுவது பி மட்டும்.

1987இல் வெளியான எக்ஸ்-கதிர்ப் பளிங்கியல் ஆய்வு, இந்தப் பிடியை அணு அணுவாகப் பார்க்கத் தந்தது. பி சங்கிலி இரண்டு ஒத்த பாதிகளாக மடிந்திருக்கிறது. ஒவ்வொரு பாதியிலும் மூன்று மடிப்புகள், ஆக ஆறு. ஆறும் ஒரு காலத்தில் ஒரே சிறு புரதத்தின் பிரதிகளாக இருந்திருக்க வேண்டும். ஆனால் பாதிக்கு ஒன்றாக இரண்டு மடிப்புகளிலேயே பற்றும் திறன் தெளிவாக நிற்கிறது. முதற் பாதியின் பள்ளத்தில் 37ஆம் இடத்தில் திரிப்தோபன் என்ற அமினோ அமிலத்தின் தட்டையான வளையம் கிடக்கிறது. கலக்டோசின் ஒரு முகம் நீரை விலக்கும் தன்மையது. அது இந்த வளையத்தின்மேல் படிந்து அமர்கிறது. அமர்ந்ததும் 22ஆம் இடத்து அஸ்பாட்டிக் அமிலம் வெல்லத்தின் 3ஆம், 4ஆம் காபன்களிலுள்ள ஐதரொட்சில்களை ஐதரசன் பிணைப்பால் இழுத்துப் பிடிக்கிறது. 46ஆம் இடத்து அஸ்பரஜினும் கைகொடுக்கிறது. மறுபாதியில் திரிப்தோபனின் இடத்தில் 248ஆம் இடத்துத் தைரோசின். மற்றபடி ஏற்பாடு அதேதான்.

கலக்டோசையும் குளுக்கோசையும் பிரிப்பது 4ஆம் காபனில் உள்ள ஒரேயொரு ஐதரொட்சிலின் திசை. ஒன்றில் அது வளையத்துக்குச் செங்குத்தாக நிற்கிறது. மற்றதில் வளையத்தின் விளிம்போடு படுத்திருக்கிறது. அணுக்களின் எண்ணிக்கையில் வேறுபாடே இல்லை. ரிசினின் பிடி நிமிர்ந்து நிற்பதையே ஏற்கும். கொன்கனவாலின் அதற்கு எதிர். குளுக்கோசையும் மனோசையும் பற்றும், கலக்டோசைத் தொடாது. அதன் பிடி நிலைக்க மங்கனீசு, கல்சியம் அயன்களும் வேண்டும். கல்சியத்தை எடுத்துவிட்டால் பள்ளமே உருக்குலைந்து போகும்.

இந்தப் பிடி உண்மையில் எவ்வளவு வலியது? தனியொரு கலக்டோசுடன் ரிசினின் பிணைப்பு மிகத் தளர்வானது. நொடிக்குள் பற்றும், விடும். லக்டோசுடன் ஓரளவு மேல். ஆனால் உயிருள்ள கலப்பரப்புடன் அது காட்டும் ஈர்ப்பு லக்டோசுடன் உள்ளதைவிடப் பல நூறு மடங்கு. ஆய்வுகூடங்களில் வளர்க்கும் ஹீலா கலம் ஒன்றில் ரிசின் ஒட்டக்கூடிய இடங்கள் ஏறத்தாழ 3 கோடி என்று மதிப்பிடப்பட்டிருக்கிறது. ஒரு பிடி நழுவும் முன் மறுபிடி பற்றிவிடுகிறது. இரண்டும் நழுவினாலும் அயலில் இன்னொரு கலக்டோஸ் காத்திருக்கிறது. கரை மணலெங்கும் படர்ந்துகிடக்கும் கொடியைக் கண்டு நம் ஊரார் சொன்ன ‘அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு’ என்ற பழமொழிக்கு மூலக்கூற்று உயிரியலில் இதைவிட நல்ல எடுத்துக்காட்டைக் காண்பது அரிது.

ஆனால் இந்தக் கலக்டோசுகள் எப்போதும் வெளியே தெரிவதில்லை. பல சங்கிலிகளில் நுனிக்கு முந்திய இடத்தில்தான் கலக்டோஸ் இருக்கும். நுனியை சியாலிக் அமிலம் மூடியிருக்கும். அந்த மூடியை ஒரு நொதியத்தால் வெட்டி எடுத்தால் கலப்பரப்பில் லெக்டின் ஒட்டும் இடங்கள் கூடுகின்றன. எந்தக் கலம் எவ்வளவு பாதிக்கப்படும் என்பதில் இந்த மூடிக்கும் பங்குண்டு.

4. உள்ளே நடப்பது

ஒட்டிய நஞ்சைக் கலம் தன் மென்சவ்வோடு சேர்த்து உள்ளே மடித்து இழுத்துக்கொள்கிறது. அப்படிப் போனவற்றில் பெரும்பகுதி வெளியே திருப்பி அனுப்பப்படும் அல்லது செரிக்கப்படும். சிறு பங்கு மட்டும் கொல்கி உடலுக்கும், அங்கிருந்து எதிர்த்திசையில் அகமுதலுருச் சிறுவலைக்கும் போய்ச் சேர்கிறது. அங்கே இருசல்பைட்டுப் பிணைப்பு அறுகிறது. பிழையாக மடிந்த புரதங்களை வெளியே தள்ளி அழிக்கும் ஒரு வழி கலத்தில் உண்டு. ஏ சங்கிலி தானும் ஒரு கழிவுப் புரதம்போல அந்த வழியாக வெளியேறி, அழிவுக்குத் தப்பிவிடுகிறது. அழிக்க வேண்டிய புரதங்களுக்குக் கலம் அடையாளமிடுவது லைசின் என்ற அமினோ அமிலத்தில். ரிசினின் ஏ சங்கிலியில் லைசின் இரண்டே உண்டு. தப்பியதற்கு இதுவே காரணம் என்று பலர் கருதுகின்றனர். ஏற்கத்தக்க ஊகம்.

தப்பிய ஏ சங்கிலி என்ன செய்கிறது என்பதை 1987இல் யப்பானின் எண்டோவும் சுருகியும் கண்டுபிடித்தார்கள். கலத்தில் புரதம் கட்டும் ரைபோசோமின் 28எஸ் ஆர்என்ஏயில், எலியின் வரிசைப்படி 4324ஆம் இடத்தில் ஓர் அடினின் இருக்கிறது. ஏ சங்கிலி அந்த ஒற்றை அடினினைக் கொத்தி எடுத்துவிடும். வேறெதையும் தொடாது. ஆயிரக்கணக்கான எழுத்துகள் உள்ள நீண்ட வரிசையில் ஒரே எழுத்து. அதோடு அந்த ரைபோசோம் முடங்கும். ஒரு ஏ சங்கிலி நிமிடத்துக்கு 1,500 அளவில் ரைபோசோம்களை முடக்கவல்லது. கலம் புதிய புரதமின்றி மெல்ல மடிகிறது. செங்குழியம் திரள்வதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை. முதிர்ந்த மனிதச் செங்குழியத்தில் ரைபோசோமே கிடையாது.

5. இயற்கை செய்து வைத்த சோதனைகள்

பி சங்கிலியை மட்டும் நீக்கினால் என்ன ஆகும், ஏ சங்கிலியை மட்டும் மாற்றினால் என்ன ஆகும் என்பவை ஆய்வுகூடத்தில் செய்யப்பட்டுவிட்டன. தனித்த ஏ சங்கிலி சோதனைக் குழாயில் ரைபோசோமைச் சிதைக்கும். முழுக் கலத்தின்மேல் விட்டால் பெரும்பாலும் பயனற்றுக் கிடக்கும். கலங்களை லக்டோஸ் கரைசலில் வைத்தால் முழு நஞ்சும் மங்கும். இவை வலுவான சான்றுகள். என்றாலும் எனக்கு இவற்றைவிட நம்பிக்கை தருபவை, வறண்ட வலயத்தின் வேலியிலும் தோட்டத்திலும் சமையற்கட்டிலும் இயற்கையே நடத்தி வைத்திருக்கும் சோதனைகள்.

முதலாவது காட்டாமணக்கு. உயிர்வேலியாக நடப்படுவது, ஆடுமாடு வாய் வைப்பதில்லை. அதன் விதையிலுள்ள கர்சின் என்ற புரதத்தை 1976இல் இத்தாலியின் ஸ்டிர்ப்பே குழுவினர் பிரித்தார்கள். அது ரிசினின் ஏ சங்கிலியைப்போலவே ரைபோசோமை முடக்குகிறது. ஆனால் வெல்லம் பற்றும் துணைச்சங்கிலி அதற்கு இல்லை. ஆகவே முழுக் கலத்துக்குள் நுழையத் திணறுகிறது. காட்டாமணக்கு விதையைத் தின்ற பிள்ளைகள் கடும் வாந்தியும் வயிற்றோட்டமுமாக வைத்தியசாலைக்கு வருவது இலங்கை வைத்தியர்களுக்குப் பழகிய செய்தி. அதற்கு முதன்மைக் காரணம் விதையெண்ணெயிலுள்ள போர்போல் எசுத்தர்கள், கர்சின் அல்ல. பெயரிலும் தோற்றத்திலும் ஆமணக்கோடு உறவு கொண்டாடும் செடி நஞ்சின் வழியில் வேறாகிவிடுகிறது. துணைச்சங்கிலி இல்லாத இத்தகைய புரதங்கள் கோதுமையிலும் வாற்கோதுமையிலும்கூட உண்டு. நாம் பாண் தின்றுகொண்டுதான் இருக்கிறோம்.

இரண்டாவது சோதனை எதிர்முகமானது: பிடி உண்டு, கொத்தும் சங்கிலி இல்லை. வெப்பமண்டல மணற்கரைகளில், இலங்கையின் கரைகளிலும், அடம்பனோடு சேர்ந்து படரும் கனவாலியா ரோசியா என்ற அவரைக்கொடியின் விதையில் கொன்கனவாலினுக்கு மிக நெருங்கிய லெக்டின் இருக்கிறது. பிரேசில் ஆய்வாளர்கள் அதன் கட்டமைப்பைத் தீர்த்திருக்கிறார்கள். மனோசை நன்றாகப் பற்றும், ரைபோசோமைத் தொடாது. கொள்ளும் இந்த வகையே. 1951இல் புனே ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் ஜோர்ஜ் பேர்ட், கொள்ளின் சாறு ஏ வகைக் குருதியை மட்டும் தேர்ந்து திரட்டுவதைக் கண்டார். அது பற்றுவது ஏ வகைக் குருதியின் அடையாளமான என்-அசெற்றைல் கலக்டோசமைனை. ஏ1, ஏ2 என்ற உட்பிரிவுகளைப் பிரித்தறிய இரத்த வங்கிகள் அன்றிலிருந்து கொள்ளு லெக்டினைப் பயன்படுத்துகின்றன. குருதியைத் திரட்டுவதே நஞ்சென்றால், கொள்ளுத் துவையல் தின்ற தலைமுறைகள் எங்கே போயிருக்கும்?

மூன்றாவது சோதனைதான் நுட்பமானது. குன்றி விதைக்குள்ளேயே அப்ரினுக்குப் பக்கத்தில் நச்சுத்தன்மை பல மடங்கு குறைந்த திரட்டுலெக்டின் இருக்கிறது. இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரே பிடி. கொத்தும் சங்கிலியும் இரண்டிலும் உண்டு. பிறகு ஏன் வேறுபாடு? பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தின் அஞ்சலி கராண்டே, ராமகுமார் குழுவினர் 2006இல் வெளியிட்ட கட்டமைப்பாய்வு ஒரு விடையை முன்வைத்தது. அப்ரினின் ஏ சங்கிலியில் 200ஆம் இடத்தில் உள்ள அஸ்பரஜினுக்கு நேரான இடத்தில், திரட்டுலெக்டினில் புரோலின் இருக்கிறது. இந்த மாற்றம் ரைபோசோமுடனான பிடியைத் தளர்த்துகிறது என்பது அவர்கள் வாதம். வெளிப்பரப்பின் வெல்லத்தைப் பற்றுவதில் குறையில்லை. உள்ளே இலக்கைப் பற்றுவதில்தான் குறை.

அதே நிறுவனத்தில் எம். விஜயன் தலைமை தாங்கிய ஆய்வுகள் பாகல், புடலை ஆகியவற்றின் விதை லெக்டின்களையும் எடுத்துக்கொண்டன. இரண்டும் ரிசின் குடும்பத்தின் மடிப்பைக் கொண்டவை, கலக்டோசைப் பற்றுபவை, ஆனால் நச்சற்றவை. முற்றிய பாகற்காயைக் கறியாக்கும் வீடுகளில் ரிசினின் சாதுவான உறவினர் ஒருவர் அடுப்பேறுகிறார் என்றால் மிகையில்லை. தென்னாசியாவின் பங்கு இந்தத் துறையில் சிறிதன்று. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பி. கே. பச்சாவத் அமைத்த ஆய்வுகூடத்தில் அவதேச சுரோலியா முதலியோர் 1970களில் ஆமணக்கு லெக்டின்களின் வெல்லத் தேர்வை அளந்தபோது, உலகின் பல ஆய்வுகூடங்கள் இந்தப் பக்கம் திரும்பியிருக்கவில்லை.

6. எதிர்ச்சான்றுகள்

இதுவரை சொன்னவற்றிலிருந்து ‘பிடி வாசல், கொத்தும் சங்கிலியே நஞ்சு’ என்று முடித்துவிடலாம். மூன்று இடங்களில் அந்த முடிவு இடறுகிறது.

ஒன்று, வாசல் ஒன்றல்ல. ரிசின் தன் உடலிலேயே மனோஸ் மிகுந்த வெல்லக் கிளைகளைச் சுமக்கிறது. உடலின் துப்புரவுக் கலங்களான பெருந்தின்கலங்களின் பரப்பில் மனோசைப் பற்றும் ஏற்பி உண்டு. 1986இல் வெளியான ஆய்வொன்று, அந்த ஏற்பி வழியாக ரிசின் உள்ளே போவதைக் காட்டியது. இங்கே பற்றுபவர், பற்றப்படுபவர் என்ற நிலை தலைகீழாகிறது: கலம் நஞ்சின் வெல்லத்தைப் பற்றுகிறது. புற்றுநோய்க்கு ஏ சங்கிலியைப் பிறபொருளெதிரியோடு இணைத்து மருந்தாக்க முயன்றவர்கள் முதலில் அதன் வெல்லக் கிளைகளை நீக்க வேண்டியிருந்தது இதனால்தான். நீக்காவிட்டால் ஈரல் அதை இழுத்துக்கொண்டது.

இரண்டு, பிடியும் கொத்தும் சங்கிலியும் இரண்டும் பழுதின்றி இருந்தும் நச்சுத்தன்மை குறைந்த புரதங்கள் உண்டு. ஐரோப்பிய எல்டர் மரத்தின் நைகிரின் அப்படிப்பட்டது. அது கலத்துக்குள் போகிறது. ஆனால் ரிசின் செல்லும் உள்வழியைச் சரியாகப் பிடிக்காமல் சிதைந்துவிடுகிறது என்று விளக்குகிறார்கள். ஆகவே வாசலுக்கும் இலக்குக்கும் நடுவிலுள்ள வழியும் கணக்கில் வரவேண்டும். எந்த வெல்லத்தை எவ்வளவு இறுக்கமாகப் பற்றுகிறது என்பதே அந்த உள்வழியை ஓரளவு தீர்மானிக்கக்கூடும். அப்படியானால் வாசல் என்ற சொல் பி சங்கிலியின் பங்கைக் குறைத்துச் சொல்கிறது.

மூன்று, கொத்தும் சங்கிலி அறவே இல்லாத லெக்டினும் சில வேளை துன்பம் தரும். 1976இல் பிரித்தானியாவில் ஊறவைத்த சிவப்பு போஞ்சி விதையை வேகவைக்காமல் தின்ற மாணவர்கள் கடுமையாக வாந்தியெடுத்தனர். அதன் லெக்டின் குடலில் செரிக்காமல் தங்கி, குடற்சுவரின் வெல்லங்களைப் பற்றிப் புண்படுத்துகிறது. இங்கே பற்றுதலே தீங்கு. நன்றாகக் கொதிக்கவைத்தால் தீர்ந்தது. உயிர் போக்கும் நஞ்சுக்கும் ஒருநாள் வயிற்றுப் போக்குக்கும் உள்ள தூரத்தை மறக்காவிட்டால், இந்தச் சான்று முதன்மை முடிவைக் கவிழ்ப்பதில்லை.

மறப்பவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்க மருத்துவர் ஸ்டீவன் கண்ட்ரியின் ‘த பிளான்ட் பரடொக்ஸ்’ 2017இல் வெளியானபின், அவரை, பருப்பு, தக்காளி என்று லெக்டின் உள்ள உணவுகளெல்லாம் ஐயத்துக்குரியவையாயின. சமூக ஊடகத் தமிழிலும் அந்தப் பேச்சு வந்து சேர்ந்துவிட்டது. ரிசினும் லெக்டின், பருப்பிலும் லெக்டின், ஆகவே பருப்பும் மெல்லக் கொல்லும் என்பதே அந்தப் பேச்சின் உள்ளமைப்பு. இது ஸ்டில்மார்க்கின் பிழைதான். அவருக்கு இரண்டு லெக்டின்கள் ஒரே குழாயில் கலந்திருந்தன என்ற சமாதானமாவது உண்டு. இவர்களுக்கு அதுவும் இல்லை.

7. பாலில் அவித்தல்

சித்த, ஆயுர்வேத மருத்துவங்களில் குன்றி விதை மருந்தாகும் முன் சுத்தி செய்யப்படும். பசுப்பாலில் நெடுநேரம் அவிப்பது அதற்கான முறைகளில் ஒன்று. இம்முறையின் அறிவியல் அடிப்படை என்ன என்று கேட்போர்க்கு இப்போது ஒரு கவர்ச்சியான விடை கிடைக்கிறது: பாலில் லக்டோஸ் இருக்கிறது; லக்டோசில் கலக்டோஸ் இருக்கிறது; அது அப்ரினின் பிடியை நிரப்பிவிடுகிறது.

கணக்கும் இதற்கு இடம் தருகிறது. ஒரு லீற்றர் பசுப்பாலில் 45 முதல் 50 கிராம் லக்டோஸ். பிடியை நிரப்ப வேண்டிய அளவைவிட இது மிக மிக அதிகம். 2012இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ரசூலி, ஹி, ஃபிரீட்மன் ஆகியோர் பாலின் ஒரு கூறு ரிசினுடன் வலுவாகப் பிணைந்து, கலப்பரப்பின் கலக்டோசுக்குப் பதிலாக வைத்த மாதிரிப் புரதத்திலிருந்து அதைத் தடுத்து வைப்பதைக் காட்டினார்கள். பால் புரதங்கள் சிலவற்றில் தொங்கும் வெல்லக் கிளைகள் பல பிடிகளை ஒரே நேரத்தில் நிரப்பக்கூடும் என்று நான் விளங்கிக்கொள்கிறேன்.

இருந்தும் சுத்தி முறையின் விளக்கமாக இதை ஏற்கத் தயக்கம் உண்டு. லக்டோசின் பிணைப்பு மீளக்கூடியது. பாலை வடித்து விதையைக் கழுவினால், அல்லது குடலில் நீர்த்துப்போனால், பிடி மறுபடி வெறுமையாகும். சிறுகுடலில் லக்டேஸ் நொதியம் லக்டோசையே உடைத்துவிடும். நெடுநேர வெப்பமோ புரதத்தின் மடிப்பையே குலைக்கிறது, அது மீளாதது. நீரில் அவித்தாலும் அதே வேலை நடக்கும். காடியில் அவிக்கும் மாற்று முறையும் வைத்திய மரபில் இருக்கிறது. அதில் லக்டோஸ் கிடையாது. ஆகவே வேலையைச் செய்வது முக்கியமாக அடுப்பு, பால் துணை. பழைய முறைக்குப் புதிய விளக்கம் பொருந்திவருவது மகிழ்ச்சிதான். ஆனால் பொருந்துவது வேறு, காரணமாவது வேறு.

8. குன்றியும் மஞ்சாடியும்

மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பு 1905இல் பெரும் அறுவடை கண்டது. சிலாவத்துறை, மறிச்சுக்கட்டிக் கொட்டகைகளில் முத்துகளைத் துளைச்சல்லடைகளில் சலித்துத் தரம் பிரித்தபின் கழஞ்சும் மஞ்சாடியுமாக நிறுத்தார்கள். 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு. 2 குன்றி ஒரு மஞ்சாடி. இந்த அளவைகளுக்கு அடியில் இருப்பவை இரண்டு சிவப்பு விதைகள். மஞ்சாடி என்னும் ஆனைக்குன்றிமணி ஒரு மரத்தின் விதை. முழுச் சிவப்பு, சற்றுத் தட்டை, குன்றியின் இருமடங்கு எடை. அதில் அப்ரின் இல்லை. குன்றிக்குக் கருமூக்கு உண்டு.

இரண்டும் மணியாகக் கோக்கப்படுபவை. களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாவது குன்றி. உலகின் சில பகுதிகளில் அதைச் செபமாலை மணியாகவும் கோத்திருக்கிறார்கள். 2011இல் பிரித்தானியாவின் ஈடன் புரொஜெக்ட், தான் விற்ற விதைக் காப்புகளில் இருந்தது குன்றி என்று தெரிந்ததும் அவற்றைத் திரும்பக் கேட்டது. உடையாத விதையின் தோல் கடினமானது; நஞ்சை வெளியே விடாது. மெல்லப்பட்ட விதையும் துளையிட்ட விதையும் வேறு.

வட இலங்கை வைத்தியர்களுக்கு நன்கு பழகிய விதைநஞ்சு மஞ்சள் அலரியுடையது. அதிலும் வெல்லம் உண்டு. ஆனால் அங்கே வெல்லம் நஞ்சின் உறுப்பு. அது இதயத்தைத் தாக்கும். அதற்கு எதிர்நஞ்சும் உண்டு. அப்ரினுக்கும் ரிசினுக்கும் இன்றுவரை வைத்தியசாலைப் பயன்பாட்டில் எதிர்நஞ்சு கிடையாது. நீரிழப்பைத் தடுத்து, உறுப்புகளைத் தாங்கி நிறுத்துவதே சிகிச்சை. இவ்விரு நஞ்சுகளின் குறிகள் தோன்றச் சில மணி நேரம் முதல் ஓரிரு நாள்வரை செல்லலாம். பற்றி, உள்ளே போய், பின்வழியால் ஏறி, ரைபோசோமை அடைந்து, இருக்கும் புரதம் தேய்ந்து தீரும்வரை கலம் வெளிக்கு நலமாகவே இருக்கும். பிள்ளை விளையாடிக்கொண்டிருப்பதால் ஆபத்தில்லை என்று எண்ணுவதற்கு இடமில்லை.

பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் சொல்ல வேண்டியது இதுதான். பிள்ளை குன்றி விதையையோ ஆமணக்கு விதையையோ கடித்ததாக ஐயம் எழுந்தால், பால் கொடுத்துப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டாம். உடனே மன்னார் பொது வைத்தியசாலைக்கோ அருகிலுள்ள வைத்தியசாலைக்கோ கொண்டுபோங்கள். மிஞ்சிய விதையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். குன்றியா, மஞ்சாடியா, காட்டாமணக்கா என்று வைத்தியர் பார்த்த உடனே அறிய அது போதும். மேலதிக ஆலோசனைக்குக் கொழும்பு தேசிய வைத்தியசாலையில் நச்சுத் தகவல் நிலையம் இயங்குகிறது.